படமில்லாத அட்டை

என் மனைவி ராதிகா மலையில் எடுத்த குழந்தைகளின் படங்களை அவளுடைய முதல் வருடத் திதிக்குள் ஒரு புத்தகமாகப் போட்டுவிட வேண்டும் என்று தை மாதக் கடைசியில்தான் முடிவு செய்தேன். திதிக்கு இரண்டு மாதம் இருந்தது.

அவள் கல்வராயன் மலையில், வெள்ளிமலையைத் தாண்டி ஒரு துணை சுகாதார நிலையத்தில் பதினோரு வருடம் நர்சாக இருந்தாள். திங்கட்கிழமை விடியற்காலையில் கள்ளக்குறிச்சியில் பஸ் ஏறினால் சனிக்கிழமை சாயங்காலம்தான் வந்து இறங்குவாள். மற்ற நாட்களில் நிலையத்தை ஒட்டிய குவார்ட்டர்ஸில் தங்கல். தான் பிரசவம் பார்த்த குழந்தை, தடுப்பூசி போட்ட குழந்தை என்று ஒன்று விடாமல் செல்போனில் படம் எடுத்து வைப்பாள். எங்களுக்குக் குழந்தை இல்லை. போன பங்குனியில் ஒரு காலை வேளை, கர்ப்பிணிகளுடைய அட்டையை எழுதிக்கொண்டிருந்தவள் அப்படியே மேசையில் சாய்ந்துவிட்டாள். மூளையில் ரத்தக் கசிவு என்றார்கள். கீழே கொண்டு வருவதற்குள் முடிந்துவிட்டது.

நான் சர்க்கரை ஆலையில் முப்பத்தொரு வருடம் எடைமேடை கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன். கரும்பு லோடு மேடையேறும்போது எடை கூடுவதற்காகக் கட்டுகளில் தண்ணீர் தெளித்திருக்கிறார்களா, கட்டுகளுக்கு நடுவே மண் இருக்கிறதா, டிரைவர் இறங்காமல் உள்ளேயே உட்கார்ந்திருக்கிறானா என்று பார்ப்பதுதான் என் வேலை. பார்த்துப் பார்த்து, வீட்டுக்கு வரும் பால் பாக்கெட்டைக்கூடக் கையில் தூக்கிப் பார்க்காமல் வாங்க மாட்டேன். இதைப் பெருமையாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொல்ல இது தெரிய வேண்டியிருக்கிறது.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்தெருவில் தெய்வசிகாமணி டிஜிட்டல் லேப் என்று ஒரு கடை. கல்யாண ஆல்பம் போடுகிறவர்கள். முதலாளி எப்போதும் ஏதாவது ஒரு மண்டபத்தில் இருப்பார். கடையில் ஷாலினி என்று ஒரு பெண்தான் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருப்பாள். இருபத்தைந்து வயதிருக்கும். நான் பென் டிரைவை நீட்டியதும் ஒரு வளையத்தில் கோத்த தாள் மாதிரிகளை என் முன்னால் போட்டாள்.

"பளபளன்னு இருக்கறது க்ளாஸி. மங்கலா இருக்கறது மேட். இது கிழியாத தாளு, தண்ணி பட்டாலும் ஒண்ணும் ஆவாது. புக்கு யாருக்கு சார்? வூட்ல வெச்சிக்கவா?"

"மலையில அவங்க வேலை பாத்த எடத்துல குடுக்கணும்."

"அப்ப க்ளாஸி வேணாம் சார். மலைல ஈரம் ஜாஸ்தி. பக்கம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும். மேட்ல கிழியாத தாளு போடுங்க."

விற்காமல் தேங்கிப் போன சரக்கை என் தலையில் கட்டப் பார்க்கிறாள் என்று நினைத்தேன். கல்யாண ஆல்பமெல்லாம் பளபளவென்று போட்டுவிட்டு எனக்கு மட்டும் ஏன் மங்கல்? அதை வெளியே சொல்லாமல், ஒவ்வொரு மாதிரியின் மூலையிலும் இருந்த எண்ணைக் காட்டி என்ன என்று கேட்டேன். நூற்றெழுபது, இருநூற்றைம்பது, முந்நூறு என்று இருந்தது.

"அது ஜிஎஸ்எம் சார். ஒரு சதுர மீட்டர் தாளு எத்தினி கிராம் இருக்குதுன்றது. ஜாஸ்தி ஆவ ஆவ தாளு கெட்டி."

கிராம் என்ற சொல்லைக் கேட்டதும் எனக்குக் கால் தரையில் ஊன்றிவிட்டது. முந்நூறு கிராம் தாளில் ஒரு ஏ4 மாதிரி வேண்டும், வீட்டில் வைத்துப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று வாங்கிக்கொண்டேன். நேராக நகைக்கடை பொன்னுரங்கத்திடம் போனேன். அவனும் நானும் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு.

"இன்னாயா, காயிதத்துல நகை செய்யப் போறியா?" என்றான்.

"நிறுத்துச் சொல்லுடா."

ஏ4 தாள் பதினாறு சேர்ந்தால் ஒரு சதுர மீட்டர். முந்நூறைப் பதினாறால் வகுத்தால் பதினெட்டே முக்கால் கிராம் வர வேண்டும். பொன்னுரங்கத்தின் தங்கத் தராசில் பதினெட்டுக்கும் கொஞ்சம் கம்மியாக நின்றது. மூன்று முறை வைத்துப் பார்த்தோம். அதே எடைதான்.

மறுநாள் காலை கடை திறக்கும் முன்பே போய் நின்றேன். ஷாலினி ஷட்டரைத் தூக்கிக்கொண்டே நான் சொன்னதைக் கேட்டாள். டிராயரிலிருந்து ஸ்கேலை எடுத்துத் தாளின் மேல் வைத்தாள். நீளத்திலும் அகலத்திலும் அரை சென்டிமீட்டர் குறைவாக இருந்தது.

"வளையத்துல மாட்றதுக்கு ஓரம் வெட்டுவோம் சார். எடைய பாத்தீங்க, அளவ பாக்கலியே."

கணக்குப் போட்டேன். வெட்டின அளவுக்குப் பதினெட்டுக்குக் கொஞ்சம் கம்மிதான் வர வேண்டும். தராசும் சரி, தாளும் சரி. நான் வைத்த கணக்குதான் தவறு.

"சரிம்மா, ஆர்டர் எழுதிக்கோ" என்றேன்.

"போன் நம்பர் சொல்லுங்க."

எனக்கு என் எண் சட்டென்று வாயில் வராது. யார் கேட்டாலும் ராதிகாவின் எண்ணைச் சொல்லித்தான் பழக்கம். அதையே சொன்னேன். ஷாலினி தட்டிவிட்டுத் திரையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"இந்த நம்பர்ல ஏற்கெனவே ஆர்டர் இருக்குதே சார். போன வருஷம் மாசி மாசம். ராதிகா, நர்ஸ்னு போட்டிருக்குது. அப்ப நான் இங்க சேரல."

"என்ன ஆர்டர்?"

"ரெண்டு புக்கு. ரெண்டுக்கும் படம் வரல, அப்பிடியே நிக்குது."

திரையைத் திருப்பிக் காட்டினாள். முதல் புத்தகத்துக்கு: பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு அங்குலம், கிழியாத தாள், மேட், அட்டையில் குழந்தைகள் படம், பெயர் 'எங்க ஊர்ப் பிள்ளைகள்'. ஷாலினி எனக்குச் சொன்ன அதே தாளைத்தான் ராதிகாவும் எடுத்திருக்கிறாள். இரண்டாவது புத்தகத்துக்கு: எட்டுக்கு எட்டு, முந்நூறு ஜிஎஸ்எம், மேட், கருநீலத் துணி அட்டை. அட்டையில் படம் வேண்டாம். பெயர் வேண்டாம். அதற்குக் கீழே குறிப்பு என்ற இடத்தில் இரண்டு வரி. 'படங்களை வீரமணி வாட்ஸ்ஆப்பில் அனுப்புவார். புத்தகம் தயாரானால் எனக்கு மட்டும் போன் செய்யவும்.'

"வீரமணி யாரு சார்? தம்பியா?"

"ஆமா" என்றேன்.

வீரமணி என் தம்பி இல்லை. ராதிகா வருகிற மலைப் பஸ்ஸின் டிரைவர்.

அந்தப் பெயர் எனக்குப் புதிதில்லை. மூன்று வருடத்துக்கு முன் ஒரு சனிக்கிழமை, ராதிகா பஸ்ஸின் முன்வாசல் வழியாகச் சிரித்துக்கொண்டே இறங்கினாள். என்ன சிரிப்பு என்று கேட்டேன். ஒண்ணுமில்லீங்க என்றாள். பஸ்ஸுக்குள் பார்த்தேன். டிரைவர் ஸ்டியரிங்கில் முகத்தைக் கவிழ்த்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் நிமிர்ந்து கும்பிட்டான். நான் பதிலுக்குக் கும்பிடவில்லை. அன்றைக்கே கண்டக்டரிடம் அவன் பெயரைக் கேட்டு வைத்துக்கொண்டேன்.

படம் இல்லாத அட்டை. பெயர் இல்லாத அட்டை. வெளியிலிருந்து பார்த்தால் என்ன புத்தகம் என்று யாருக்கும் தெரியக் கூடாது. மறைத்து வைப்பதற்கென்றே ஒரு புத்தகம் செய்யச் சொன்னால் எப்படிச் சொல்வார்களோ அப்படித்தான் அது இருந்தது. உள்ளே போகும் படங்களோ இன்னொருவன் போனில் இருக்கின்றன. எனக்கு மட்டும் போன் செய்யவும்.

"ரெண்டும் போட்லாமா சார்?" என்று கேட்டாள் ஷாலினி.

"கொஞ்சம் பொறும்மா" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அதன்பின் ஒரு வாரம் வீட்டையே குடைந்தேன். அவளுடைய அலமாரியைக் கலைத்தேன். நோட்டுகளைப் புரட்டினேன். சார்ஜ் போட்டு வைத்திருந்த அவளுடைய போனை மறுபடி மறுபடி பார்த்தேன். அதில் எனக்குத் தெரியாதது எதுவுமில்லை. அவள் இருக்கும்போதே ஞாயிற்றுக்கிழமை அவள் குளிக்கப் போகும் நேரம் நான் அதைப் பார்ப்பது வழக்கம். அவள் அதற்குப் பூட்டுப் போட்டதே இல்லை. பூட்டு இல்லாத பெட்டியில் எதுவும் இருக்காது என்று ஒருமுறைகூட நான் நினைக்கவில்லை.

சனிக்கிழமைகளில் நான் பஸ் ஸ்டாண்டுக்குப் போய் நிற்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவள் மலைக்குப் போன இரண்டாம் வருடம் ஆலையில் ஒரு டிராக்டர் டிரைவர், "அஞ்சு நாளு மலைல, ஒண்ணர நாளு வூட்ல. அப்ப யாரு சார் ஊட்டுக்காரரு?" என்று எல்லார் முன்னாலும் கேட்டான். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்தச் சனிக்கிழமையிலிருந்து ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டில் பழக்கடைக்குப் பக்கத்தில் போய் நின்றேன். பையை வாங்கிக்கொள்ள வந்திருக்கிறார் என்று அவள் நினைத்தாள். அப்படித்தான் நினைத்தாள் என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன்.

திதி நெருங்கிக்கொண்டிருந்தது. அந்த இரண்டாவது புத்தகம் யாருக்கு என்று தெரியாமல் முதல் புத்தகத்தைப் போட எனக்குக் கை வரவில்லை. தெரிந்துவிட்டால் போட மனம் வருமா என்பதும் தெரியவில்லை. அவளுக்கு நான் எள்ளும் தண்ணீரும் இறைப்பதா வேண்டாமா என்பதே அந்தக் கருநீலத் துணி அட்டைக்குள் இருப்பதைப் பொறுத்தது என்ற நிலைக்கு வந்துவிட்டேன்.

வீரமணியைப் பஸ் ஸ்டாண்டிலேயே பிடித்துக் கேட்டிருக்கலாம். ஆனால் கேட்கும் முன்னால் அவனைக் கவனிக்க வேண்டும் என்று தோன்றியது. லோடு மேடையேறும் முன்பே வண்டி எப்படி வருகிறது என்று பார்ப்போம், அந்தப் புத்திதான். ஒரு புதன்கிழமை காலையில் அவன் ஓட்டும் பஸ்ஸில் ஏறி மூன்றாவது வரிசையில், கண்ணாடியில் அவன் முகம் தெரிகிற இடமாகப் பார்த்து உட்கார்ந்தேன். இன்ஜினை ஒட்டிய ஒற்றை சீட்டில் ஒரு மூட்டை இருந்தது. வடக்கனந்தல் வருவதற்குள் அவன் என்னைக் கண்ணாடியில் பார்த்துவிட்டான். அதற்குப் பின் கண்ணாடியைப் பார்க்கவே இல்லை. மலை வளைவுகளில் ஹாரன் அடிக்கும்போதுகூடக் கழுத்தை அசைக்காமல் ஓட்டினான். கள்ளம் இல்லாதவன் ஏன் இப்படி ஓட்ட வேண்டும் என்று எனக்குள் ஒரு கணக்கு ஓடியது.

வெள்ளிமலையில் பஸ் நின்றது. எல்லாரும் இறங்கியபின் நான் கடைசியாக இறங்கினேன். அவன் எதிரே இருந்த டீக்கடைக்குள் போனான். நானும் பின்னாலேயே போனேன். கடைக்கார அம்மாள் இருசம்மாள் என்னை அடையாளம் கண்டுகொண்டாள்.

"நர்சம்மா ஊட்டுக்காரருதான? குந்துங்க" என்று பெஞ்சைத் துடைத்துவிட்டாள். "எம் பேத்திய அந்தம்மாதான் எடுத்துச்சு. தோ, படம் பாருங்க."

சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் ஒரு குழந்தைப் படம் இருந்தது. பளபளப்புத் தாள். கண்ணாடியில் ஈரம் இறங்கி, படம் அதோடு ஒட்டிக்கொண்டு, குழந்தையின் கன்னம் இருக்க வேண்டிய இடம் வெள்ளையாகத் திட்டுத் திட்டாக இருந்தது.

"பிரிச்சா பாதி கண்ணாடியோட வந்துருது. அதான் அப்பிடியே வுட்டுட்டோம்."

தாள் விஷயத்திலும் ஷாலினி சொன்னது உண்மைதான். நான் டீயைக் கையில் வைத்துக்கொண்டு வீரமணியின் எதிரே உட்கார்ந்தேன். நாற்பது வயதிருக்கும் அவனுக்கு. பார்வை டம்ளரிலேயே இருந்தது.

"உன் போன்ல என் சம்சாரம் படம் இருக்குதா?" என்றேன்.

"அந்தம்மா படம் ஒண்ணுகூட இல்ல சார்."

"பொய் சொல்லாத. லேப்ல உன் பேரு எழுதியிருக்குது."

அவன் டம்ளரைக் கீழே வைத்தான்.

"அந்தம்மா படம் இல்லன்னுதான் சார் சொன்னேன். அந்தம்மா எடுத்த படம் இருக்குது. நானே வந்து குடுத்திருக்கணும். நாலு வாட்டி உங்க தெரு வரைக்கும் வந்துட்டுத் திரும்பிட்டேன். சாவுக்கு வந்தப்ப நீங்க பாத்த பார்வைக்கு அப்புறம் எப்பிடி சார் வந்து கதவத் தட்றது."

"யாரு படம்?"

"நீங்களே பாருங்க."

போனை எடுத்துத் தேடினான். 'நர்சம்மா சனி' என்று ஒரு போல்டர். திறந்து என்னிடம் நீட்டினான்.

முதல் படத்தில் ஒரு பஸ் கண்ணாடி வழியாகப் பழக்கடை தெரிந்தது. பழக்கடைக்குப் பக்கத்தில் ஒரு ஆள் ஸ்கூட்டரில் சாய்ந்துகொண்டு கைக்கடிகாரத்தைப் பார்க்கிறான். இரண்டாவதில் அதே ஆள் ஒரு ஆரஞ்சைக் கையில் தூக்கி எடை பார்க்கிறான். பழக்கார அம்மாள் அவனை முறைக்கிறாள். மூன்றாவதில் வேறு ஊர் பஸ் ஒன்றின் ஜன்னலுக்குள் எட்டிப் பார்க்கிறான். நாலாவதில் மழை. குடைக்குள் முகம் மட்டும் இருக்கிறது, புருவம் இரண்டும் சேர்ந்து.

தள்ளிக்கொண்டே போனேன். எல்லாம் நான்தான். ஒரே இடம், ஒரே ஸ்கூட்டர். சட்டை மட்டும்தான் மாறியது. அப்புறம் தலைமுடி.

"பஸ் ஸ்டாண்டு உள்ள திரும்பறப்ப ஒரு வளைவு இருக்குது பாருங்க, அங்க உங்களுக்குப் பஸ் தெரியாது, எங்களுக்கு நீங்க தெரிவீங்க. 'மெதுவா வுடு வீரமணி, அவரு பாக்கறதுக்குள்ள'ன்னும். நான் பிரேக்க மிதிச்சிக்கினு நிப்பேன். பின்னாடி வண்டிக்காரன் ஹாரன் அடிச்சிக் கத்துவான். அந்தம்மா ஒரு படம் எடுத்துட்டு 'போலாம்'னும். மூணு வருஷம் சார். வாரம் தவறாது."

"உன் போன்ல எதுக்கு எடுக்கணும்?"

அவன் வெளியே பஸ்ஸைப் பார்த்தான். இருசம்மாள் அடுப்பைக் கிளறுவதுபோல் எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றாள்.

"நானும் கேட்டேன் சார். 'என் போன அவரு பாப்பாரு'ன்னுச்சு."

டீ ஆறிப்போயிருந்தது. கையில் வைத்துக்கொண்டே இருந்தேன்.

"மொதல்ல வெளையாட்டாதான் எடுத்துச்சு. எப்ப பாத்தாலும் மூஞ்ச கடுகடுன்னு வெச்சிக்கினு இருக்கறீங்கன்னு. ஒரு வாட்டி நீங்க ஆரஞ்சு தூக்கிக்கினு நின்னத பாத்து நாங்க ரெண்டு பேரும் சிரிச்சோம். நீங்க வந்து எட்டிப் பாத்தீங்க, ஞாபகம் இருக்குதா? அதுக்கப்புறம் 'ஒரு நாளாச்சும் சிரிச்ச மூஞ்சி கெடைக்குதா பாக்கலாம், அது கெடச்சா புக்கு போட்றலாம்'னு சொல்லிக்கினே இருக்கும்."

"கெடச்சுதா?"

"இல்ல சார்."

"அப்புறம் எதுக்கு ஆர்டர் குடுத்தா?"

"போன வருஷம் மாசில ஒரு நாளு, படத்த எல்லாம் மொதல்லேந்து பாத்துக்கினே வந்துச்சு. 'போதும் வீரமணி. இவரு இப்பிடிதான். இப்பிடியே போட்டுக்கலாம்'னுச்சு. நான் படம் அனுப்பறதுக்குள்ள..." என்று நிறுத்திக்கொண்டான்.

கண்டக்டர் விசில் ஊதினார். வீரமணி எழுந்தான். என் போனுக்குப் படங்களை அனுப்பச் சொன்னேன். சிக்னல் இங்கே ஏறாது, கீழே போய் அனுப்புகிறேன் என்றான். நீ அனுப்பும் வரை நான் பக்கத்திலேயே இருப்பேன் என்று சொல்லிவிட்டேன். சொன்னபின்தான் எனக்கே உறைத்தது. அவன் கோபித்துக்கொள்ளவில்லை. மூட்டையை இறக்கி வைத்துவிட்டு இன்ஜினை ஒட்டிய ஒற்றை சீட்டைக் காட்டி, "அந்தம்மா இதுலதான் வரும்" என்றான். அதில் உட்கார்ந்து கீழே இறங்கினேன். கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குள் திரும்பும் வளைவில் அவன் தானாகவே வேகத்தைக் குறைத்தான். பழக்கடைப் பக்கம் காலியாக இருந்தது.

படங்கள் மொத்தம் நூற்று நாற்பத்தெட்டு. வீட்டில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். பாதிப் படங்கள் வளைவைத் தாண்டி பஸ் வந்து நின்றபின் எடுத்தவை, அவற்றில் நான் பஸ் பக்கமே பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஆனால் பார்வை முன்கண்ணாடியில் இல்லை, முன்வாசலில் இருக்கிறது. இறங்குபவர்களை எண்ணுகிறவன் பார்வை அது. அவளுக்கு முன்னால் யார் இறங்குகிறார்கள், பின்னால் யார் இறங்குகிறார்கள் என்று பார்க்கத்தான் அப்படி நின்றேன். அது எனக்கு மட்டும் தெரிந்த விஷயம் என்று இருந்தேன். அவள் வாராவாரம் அதைப் பார்த்திருக்கிறாள், அப்புறம் இறங்கி வந்து பையை என் கையில் கொடுத்துவிட்டு, இன்றைக்கு என்ன குழம்பு வைக்கட்டும் என்று கேட்டிருக்கிறாள்.

அந்தப் புத்தகத்தை அவள் எனக்குப் பரிசாகக் கொடுக்க நினைத்தாளா, அல்லது இதோ உன் முகம், பார் என்று முன்னால் வைக்க நினைத்தாளா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. அட்டையில் படம் வேண்டாம் என்றது, என் முகம் எங்கள் இருவருக்கும் நடுவில் மட்டும் இருக்கட்டும் என்றா? அப்படியும் இருக்கலாம். தன் கையில் மட்டும் வைத்துப் பார்த்துக்கொள்ள ஒரு புத்தகம் என்று நினைத்து, எனக்குக் காட்டவே வேண்டாம் என்றிருந்தாளோ என்னவோ. எனக்கு மட்டும் போன் செய்யவும் என்ற வரியை வைத்து எதையும் முடிவு செய்ய முடியவில்லை.

மறுநாள் லேப்புக்குப் போனேன். ஷாலினி படங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றித் திறந்ததும் சிரிப்பை அடக்கப் பார்த்தாள்.

"சார், இது நீங்கதான?"

"நான்தான்."

"எல்லாமே நீங்கதானா?"

"எல்லாமே."

அதற்குமேல் அவள் சிரிக்கவில்லை. தேதி வரிசையில் அடுக்கினாள். ஒன்றைப் பெரிதாக்கி என் நெற்றியைச் சுட்டிக் காட்டினாள்.

"இந்தக் கோடுங்களையெல்லாம் எடுத்துட்லாம் சார். கல்யாண ஆல்பத்துல எல்லாருக்கும் செய்யறதுதான். வாய் ஓரத்த லேசா தூக்கி வுட்டா சிரிக்கற மாதிரியே வந்துடும். யாருக்கும் தெரியாது."

"வேணாம்மா. இப்பிடியே போட்டுடு."

"அட்டைல சின்னதா தங்க எழுத்துல பேராச்சும்?"

"அதுல என்ன எழுதியிருக்குதோ அதான்."

இடையில், வீட்டில் நான் கவனிக்காமல் தள்ளிவிட்டுப் போன மூன்று படங்கள் வந்தன. பழக்கடை இருந்தது, பக்கத்தில் ஒரு மின்கம்பம் இருந்தது, ஆள் இல்லை.

"இதுல யாருமே இல்லியே. தவறி எடுத்திருப்பாங்க. தூக்கிடவா?"

தூக்கிவிடு என்று சொல்ல வாயெடுத்தவன் தேதியைப் பார்த்தேன். மூன்றும் அடுத்தடுத்த சனிக்கிழமைகள். இரண்டு வருடத்துக்கு முன் ஐப்பசி மாதம். எனக்கு டெங்கு வந்து அரசு ஆஸ்பத்திரியிலும் வீட்டிலுமாகப் படுத்திருந்த மூன்று வாரங்கள். அப்போது நான் அங்கே நிற்க மாட்டேன் என்று அவளுக்குத் தெரியும். அந்த முதல் வாரம் முழுக்க அவள் லீவு போட்டு என் பக்கத்தில் இருந்தாள். சனிக்கிழமை மட்டும் ஏதோ பதிவேடு கொடுத்துவிட்டு வருகிறேன் என்று மலைக்குப் போய்ச் சாயங்காலம் திரும்பினாள். என்ன பதிவேடு என்று படுக்கையில் கிடந்தபடி கேட்டேன். அவள் சொன்ன பதில் ஞாபகம் இல்லை. கேட்டது ஞாபகம் இருக்கிறது.

"இருக்கட்டும்" என்றேன்.

"மூணுமா சார்?"

"மூணும். பெருசா போடு, ஒரு பக்கத்துக்கு ஒண்ணு."

ஷாலினி எழுதிக்கொண்டாள். முதல் புத்தகத்துக்கும் ராதிகா எழுதியிருந்தபடியே தாள், அட்டை, பெயர் எல்லாம். நான் எதையும் மாற்றவில்லை.

"ரெடியானா எந்த நம்பருக்கு சார் கூப்பிடறது? உங்க நம்பர் குடுங்க."

"அதுல இருக்கற நம்பருக்கே கூப்பிடு."

பதினெட்டு நாள் கழித்து, நான் வாசலில் துணி உலர்த்திக்கொண்டிருந்தபோது உள்ளே ராதிகாவின் போன் அடித்தது. அது அடித்து மாதக் கணக்காகியிருந்தது. ஈரக்கையோடு ஓடி எடுத்தேன்.

"ராதிகா மேடமா?" என்றாள் ஷாலினி வழக்கமாகச் சொல்லும் குரலில். பிறகு அவளுக்கே தெரிந்துவிட்டது. "ஐயோ சாரி சார். ரெண்டு புக்கும் வந்துடுச்சு."

போனேன். குழந்தைகள் புத்தகம் பெரிதாக, மேசையில் பாதியை அடைத்துக்கொண்டு இருந்தது. அதைத் திதி முடிந்ததும் வீரமணியின் பஸ்ஸில் கொண்டுபோய் நிலையத்தில் வைப்பதாக ஏற்பாடு. அந்தக் குழந்தைகளில் அவன் மகளும் ஒருத்தி, அவள் படம் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று போனிலேயே கேட்டுவிட்டான். அதன்மேல் சிறியதாக, கருநீலத்தில், எழுத்தோ படமோ இல்லாமல் மற்றது. யாரேனும் பார்த்தால் கணக்கு நோட்டு என்று நினைப்பார்கள்.

கையில் எடுத்தேன். நான் கையில் எடுத்த விதத்தைப் பார்த்துவிட்டு ஷாலினி கூரியர் பார்சல் நிறுக்கும் சின்னத் தராசை என் பக்கம் நகர்த்தினாள்.

"நிறுத்துக்குங்க சார். இன்னிக்கி அளவும் சேத்து வேணும்னா ஸ்கேல் தரேன்."

புத்தகத்தைத் தராசில் வைத்தேன். ஷாலினி கால்குலேட்டரை எடுத்து, பக்கங்களைப் பெருக்கி, அட்டையைக் கூட்டி, எண்ணைச் சொன்னாள். தராசில் அதுவே இருந்தது. கொஞ்ச நேரம் புத்தகம் தராசிலேயே கிடந்தது, அவளும் எடுக்கச் சொல்லவில்லை. அப்புறம் எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு வந்தேன்.